கை வைக்காத வீடு

சொல்ல வேண்டியதைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில், பஸ்ஸில் வந்த ஒன்றேகால் மணி நேரமும் பிரமாச்சி வாயை மூடவில்லை. வேலாயுதம் அண்ணாச்சி சொன்னதை முதலிலிருந்து கடைசி வரை முணுமுணுப்பதும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவதுமாக வந்தாள். எங்கே இறங்க வேண்டும் என்று கண்டக்டர் கேட்டபோது, "யாரும் கை வைக்காத வீடு" என்றாள். அப்படி ஒரு ஸ்டாப் இந்த ரூட்டில் கிடையாது என்று சொல்லிவிட்டு, அவர் அவள் ஊரான சொக்கலிங்கபேரிக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், தனக்கு வார்த்தை போதாது என்று அவளுக்கு எண்ணம். முந்தின வருஷம் கணவன் ஆவுடையப்பனிடம், "உங்க மாமா படுத்துட்டாவளாம்" என்று சேதி சொன்னாள். அவன் பெரிய ரோஜா மாலையாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போனான். காய்ச்சலில் கிடந்த மாமா கட்டிலில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். வாங்கிய மாலை வீணாகக் கூடாதே என்று அதை அவர் கழுத்திலேயே போட்டு, காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தான். மாமா வீட்டோடு அன்றைக்கு நின்ற பேச்சு இன்னும் நின்றபடியே இருக்கிறது. பழி பிரமாச்சி மேல் விழுந்தது. அதிலிருந்து, யார் எதைச் சொன்னாலும் ஓர் எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று வைத்துக்கொண்டாள்.

இந்தத் தடவை மாலையோடு போகிற காரியம் இல்லை. குடியிருந்த வீட்டை, மகனுக்குக் கல்யாணம் என்று வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். தோப்பை விற்ற பணம் இருந்தது. அதற்கு ஒரு வீடு வரும், இரண்டாவது வராது. வாங்குகிற வீடு சொதப்பினால் ஆவுடையப்பனும், தம்பிகள் கொம்பையாவும் சங்குமுத்தும், இவளும் பாத்திர பண்டத்தோடு பஸ் ஸ்டாண்டில்தான் குடியிருக்க வேண்டும்.

அண்ணன் தம்பி மூன்று பேரும் யோசிப்பதில் சூரர்கள். ஒரு காரியத்தை எடுத்தால் அது தானாகக் கெட்டுப்போகும் வரைக்கும் விடாமல் யோசிப்பார்கள். அதனால்தான் பிரமாச்சி, முப்பது வருஷம் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்ற தன் பெரியப்பா மகன் வேலாயுதம் அண்ணாச்சியிடம் யோசனை கேட்கப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும், தண்ணீர்கூடக் குடிக்காமல் மூன்று பேரையும் உட்கார வைத்து, கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தாள்.

"புதுப்பிச்ச வீட்டை வாங்காதிய. பூசி மெழுகுனதுக்குப் பின்னால என்ன இருக்குன்னு பூசுனவனுக்கே தெரியாது. பழைய வீடா, நல்லா வெச்சிருந்த வீடா, யாரும் கை வைக்காத வீடா பாத்து வாங்குங்க. வாங்குன பெறகு நீங்களும் கை வைக்காதிய. வெச்சா வீடு போச்சு. அம்புட்டுதான் அண்ணாச்சி சொன்னாவ. நான் ஒண்ணும் சேக்கல."

சங்குமுத்துதான் ஆரம்பித்தான். கை வைக்கக் கூடாது என்றால் ஒரு கையா, இரண்டு கையுமா என்று கேட்டான். அதை அண்ணாச்சி சொல்லவில்லை என்றாள் பிரமாச்சி. அவர் சொல்லாததைச் சொல்ல அவள் தயாராக இல்லை. எதற்கும் இரண்டு கையும் என்றே வைத்துக்கொள்வோம் என்று ஆவுடையப்பன் முடிவு சொன்னான்.

முதல் வீட்டைத் தரகர் குற்றாலிங்கம் காட்டினார். வீட்டுக்கு வயது அறுபது வருஷம். அதன் மேலிருந்த மினுக்குக்கு வயது அறுபது நாள். சுவருக்கு மேல் பலகை, பலகைக்கு மேல் பூப்போட்ட காகிதம், தரைக்கு மேல் இன்னொரு தரை, கூரைக்குக் கீழே இன்னொரு கூரை, அதற்குள் நீல விளக்கு. பழைய தேக்குக் கதவைக் கழற்றி விற்றுவிட்டு, அச்சு அசல் தேக்கு போலவே தெரிகிற பிளாஸ்டிக் கதவு மாட்டியிருந்தார்கள். தேக்கு போலத் தெரிய வேண்டுமென்றால் தேக்கையே விட்டிருக்கலாமே என்று பிரமாச்சிக்குத் தோன்றியது. தப்பாகக் கேட்டுவிடுவோமோ என்று கேட்கவில்லை.

ஆவுடையப்பன் ஒவ்வொரு சுவராகக் கண்ணை ஓட்டினான். எங்கேயும் ஒரு விரல் தடம்கூட இல்லை.

"இதுதாம்ல யாரும் கை வைக்காத வீடு" என்றான்.

பழைய வீடு என்று அண்ணாச்சி சொன்னதைப் பிரமாச்சி மெதுவாக ஞாபகப்படுத்தினாள். வயது அறுபது என்று தரகரே சொல்கிறாரே, அறுபது வயதானவரை யாராவது வாலிபர் என்று சொல்வார்களா என்று கொம்பையா கேட்டான். முன்பணம் கொடுத்துவிடலாம் என்று எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள்.

செருப்பு மாட்டுவதற்காகக் கொம்பையா சுவரில் ஒரு கையை ஊன்றினான். கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போனது. வெளியே எடுத்தபோது, பலகைக்குப் பின்னால் ஊறிப்போய் நின்ற பழைய சுவரின் ஈர மண்ணும், நாலைந்து கரப்பானும் கூடவே வந்தன. பலகை கொஞ்சம் இளசு, வேறு ஒன்றும் இல்லை என்றார் தரகர்.

ஆவுடையப்பன் முகம் இருண்டது. ஊறிய சுவரை அவன் பார்க்கவே இல்லை.

"கை வெச்சுட்டியேல" என்றான் தம்பியிடம்.

"தெரியாம வெச்சுட்டேன்ணே."

"தெரிஞ்சு வெச்சா என்ன, தெரியாம வெச்சா என்ன? இனி இது கை வெச்ச வீடு."

தரகர் அவசரமாகக் குறுக்கே வந்தார். நாளைக்கே ஒட்டுப் போட்டுத் தருகிறேன், கண்டுபிடிக்கவே முடியாது என்றார்.

"ஒட்டு எதை வெச்சுப் போடுவிய?" என்று கேட்டான் சங்குமுத்து.

"கையை வெச்சுத்தான் தம்பி."

"அப்ப ரெண்டு கை ஆச்சு."

வீடு வேண்டாம் என்று நாலு பேரும் கிளம்பிவிட்டார்கள். கொம்பையாவின் கை போன இடத்தை மறைத்து, தரகர் ஓர் அருவிப் படத்தை மாட்டினார். அடுத்த வாரமே நன்றாகப் படித்த ஒருவர், அந்த அருவிப் படத்தின் அழகில் மயங்கி வீட்டை வாங்கினார். மழைக்காலத்தில் அதிலிருந்து தண்ணீரும் வந்ததாகக் கேள்வி.

இரண்டாவது வீடு ஞானசெல்வம் அம்மாளுடையது. கணவர் இறந்த பிறகு தனியாக இருந்தவர். மகள் நாகர்கோவிலுக்கே வந்து இருக்கச் சொன்னதால் விற்க நினைத்தார். நிலை, கதவு, உத்தரம் எல்லாம் தேக்கு. தரை சிவப்புக் காவி போட்ட சிமெண்ட். துடைத்துத் துடைத்து, குனிந்தால் முகம் தெரிந்தது. ஜன்னலைத் திறந்தால் இந்தப் பக்கம் வந்த காற்று அந்தப் பக்கம் போனது. சுண்ணாம்புச் சுவரில் விரிசல் இருந்த இடத்தில் விரிசல் இருந்தது. அதை யாரும் பூப்போட்டு மறைக்கவில்லை.

ஒழுகுமா என்று ஆவுடையப்பன் கேட்டான்.

"ஒழுகும்" என்றார் அம்மாள். "மேற்கு மூலையில, கனத்த மழைக்கு மட்டும். ஒரு வாளி வெச்சாப் போதும். அந்த வாளியையும் வீட்டோட சேத்தே தாரேன்."

வீட்டில் எங்கே ஓட்டை என்று விற்கிறவரே சொல்லி அவர்கள் கேட்டதில்லை. இந்த அம்மாளுக்கு வியாபாரம் தெரியவில்லை என்று மூன்று பேரும் பரிதாபப்பட்டார்கள்.

ஆனால் வாசல் நிலையில், தோள் உயரத்தில், மரம் கறுத்து வழவழவென்று இருந்தது. அது என்ன என்று கொம்பையா சந்தேகமாகக் கேட்டான்.

"எங்க மாமனார் காலத்துல இருந்து உள்ள வர்றவங்க, போறவங்க கை பட்ட இடம்" என்றார் அம்மாள். "ஆனா ஒண்ணு சொல்லுதேன். கட்டுன நாள்ல இருந்து இந்த வீட்டுல இதுவரைக்கும் ஒருத்தரும் கை வெச்சதில்ல."

அண்ணன் தம்பி மூவரும் முற்றத்துக்குப் போய்க் கூடிப் பேசினார்கள். கை பட்டிருக்கிறது, ஆனால் வைக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? வெகுநேரம் கழித்துக் கொம்பையா கண்டுபிடித்தான். தெரியாமல் நடந்தால் கை படுவது. தெரிந்து நடந்தால் கை வைப்பது. பஸ்ஸில் கை பட்டுவிட்டது என்றால் மன்னிக்கிறார்கள், கை வைத்தால் அடிக்கிறார்கள் அல்லவா என்றான். அப்படியானால் முந்தின வீட்டில் அவன் கை பட்டதுதானே, வைக்கவில்லையே என்று சங்குமுத்து கேட்டான். அது வாங்காத வீடு, வாங்காத வீட்டுக்கு இப்போது என்ன பேச்சு என்று ஆவுடையப்பன் அடக்கினான்.

விலை படிந்தது. அம்மாள் மட்டும் இன்னும் ஒரு மனதாக இல்லை.

"இன்னொருத்தரும் கேட்டுட்டு இருக்காரு" என்றார். "முன்பக்கத்தை இடிச்சுக் கண்ணாடி வைப்பாராம். தரை மேல டைல்ஸ் ஒட்டுவாராம். எனக்கு மனசு கேக்கல. நான் மகளோட பேறுகாலத்துக்கு ஒரு மாசம் போறேன். நீங்க இங்க இருந்து பாருங்க. திரும்பி வந்து பாப்பேன். கை வைக்காம இருந்தா உங்களுக்குத்தான் பத்திரம். கை வெச்சிருந்தியன்னா அவருக்குக் குடுத்திருவேன்."

பிரமாச்சி காதைத் தீட்டிக்கொண்டாள். அண்ணாச்சி சொன்ன அதே வார்த்தை. தான் சரியாகத்தான் சொல்லியிருக்கிறோம் என்று முதலில் நிம்மதி வந்தது. அதன் பிறகு ஒரு மாதத்துக்கு அது வரவில்லை.

வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார்கள். காலைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதால் அதில் சிக்கல் இல்லை. சிக்கல் சங்குமுத்து தரையில் உட்கார்ந்ததும் தொடங்கியது. கையை ஊன்றாமல் அவனால் எழுந்திருக்க முடியவில்லை. தரை வீட்டைச் சேர்ந்ததா, பூமியைச் சேர்ந்ததா என்று மத்தியானம் வரை பேசினார்கள். காவி போட்டிருப்பதால் வீடுதான் என்று முடிவாகி, அக்குளில் கை கொடுத்து அவனைத் தூக்கினார்கள். அதிலிருந்து ஒரு நேரத்தில் ஒருவர்தான் உட்காருவது, மற்றவர்கள் தூக்கிவிடத் தயாராக நிற்பது என்று ஏற்பாடு.

கையுறை போட்டுக்கொண்டால் என்ன என்றாள் பிரமாச்சி. அவள் வாயிலிருந்து வந்த ஒரே சொந்த யோசனை அது. கொம்பையா அதையும் விடவில்லை. "திருடன் கையுறை போட்டுக்கிட்டுத்தான வாரான் மைனி? பீரோவுல கை வெச்சுட்டான்னுதான போலீஸ்காரன் எழுதுதான்?"

தாழ்ப்பாளைப் பல்லால் இழுத்தார்கள். ஜன்னலைத் தலையால் முட்டினார்கள். கொடியில் கிடந்த வேட்டியைக் காலால் எடுக்கப்போன ஆவுடையப்பன், சுவரில் ஐந்து விரலும் தெளிவாகத் தெரிய ஒரு காலடியைப் பதித்துவிட்டு விழுந்தான். விளக்கு ஸ்விட்சுகளை மூக்கால் அழுத்துவது சங்குமுத்துவின் பொறுப்பு. அவன் மூக்கு நீளம்.

அவனுக்குச் சளி பிடித்த வாரத்தில், கொம்பையா தன் பழைய கண்டுபிடிப்பைத் தூசி தட்டி எடுத்தான். தெரியாமல் பட்டால் தப்பில்லையே. ஆகவே கண்ணை இறுக்க மூடி, மூன்று சுற்று சுற்றிவிட்டு, இரண்டு கையையும் வீசிக்கொண்டு சுவரோரமாக நடக்க வேண்டும். கை எப்போதாவது ஸ்விட்சில் பட்டால் விளக்கு எரியும். முதல் நாள் விளக்கு எரிய முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் ஆவுடையப்பன் கன்னத்தில் இரண்டு தடவை பட்டது. தெரியாமல் பட்டதுதான் என்பதால் அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

மழையும் வந்தது. அம்மாள் சொன்ன இடத்தில், சொன்ன மாதிரி ஒழுகியது. வாளி கிணற்றடியில் இருந்தது. ஆனால் வாளியை வீட்டோடு சேர்த்தே தருவதாக அம்மாள் சொல்லியிருந்தார். வீட்டோடு சேர்ந்தது என்றால் வீடுதான், அதிலும் கை வைக்க முடியாது. நாலு பேரும் அதைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தார்கள், படி ஏறவில்லை. கடைசியில் சங்குமுத்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒழுகுகிற இடத்தில் நின்றான். துண்டு நனைந்ததும் முற்றத்தில் பிழிந்துவிட்டு வந்து மறுபடி நின்றான். காவித் தரையில் ஒரு சொட்டு விழவில்லை.

பிரமாச்சியின் கவலை வேறு. பகலில் கையை இடுப்பில் செருகிக்கொண்டு சமாளித்துவிட்டாள். தூக்கத்தில் என்ன செய்வது? தூக்கத்தில் பட்டால் கணக்கில் வராது என்று கொம்பையா தைரியம் சொன்னான். பட்டால் சரி, தூக்கத்தில் வைத்துவிட்டால்? அவள் இரண்டு கையையும் தலையணை உறைக்குள் விட்டு, உறையின் வாயைச் சங்குமுத்துவிடம் கட்டச் சொல்லிப் படுத்தாள்.

மாதம் முடிந்து ஞானசெல்வம் அம்மாள் வந்தார். பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு படியேறியவர், கதவைப் பார்த்து நின்றார். தாழ்ப்பாளைச் சுற்றிலும் பல் தடம். உள்ளே ஸ்விட்சுகளைச் சுற்றி மூக்கு எண்ணெய். சுவரில் ஆவுடையப்பனின் பாதம். ஜன்னல் சட்டங்களில் வரிசையாக நெற்றித் திருநீறு.

நாலு பேரும் கையைக் கட்டி நின்றார்கள்.

"என்ன இதெல்லாம்?" என்றார் அம்மாள்.

"கை வைக்கல அம்மா" என்றாள் பிரமாச்சி. "எந்தக் கோயில்ல வேணும்னாலும் சத்தியம் பண்ணுதேன். நாலு பேரோட எட்டுக் கையும் வைக்கல."

"பல்லு வெச்சிருக்கியளே?"

"பல்லு பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலையே அம்மா."

அம்மாள் நாலு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வீட்டைச் சுற்றி வந்தார். தரை இருந்தது. உத்தரம் இருந்தது. கண்ணாடியோ டைல்ஸோ நீல விளக்கோ எங்கேயும் முளைத்திருக்கவில்லை. மூளை உள்ளவர்கள் வாங்கிய பக்கத்துத் தெரு வீடுகளை அவர் வருகிற வழியில்தான் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஒரு வீட்டின் நெற்றியில் கிரேக்கத் தூண்கள் வந்திருந்தன.

"பல்லுதான, பரவாயில்ல" என்றார். "நாளைக்குப் பத்திரத்தை முடிச்சிருவோம்."

வீட்டை யார் பேரில் வாங்குவது என்று அண்ணன் தம்பிகளுக்குள் முடிவாகாததால் பிரமாச்சி பேரில் எழுதியிருந்தது. பத்திர ஆபீசில் ஒரு மேஜை. மேஜையில் கம்ப்யூட்டர், அதன் தலையில் ஒரு கேமரா, பக்கத்தில் கண்ணாடி பதித்த சின்னப் பெட்டி. அம்மாள் முதலில் கட்டைவிரலை வைத்துவிட்டு, மகளிடமிருந்து போன் வந்ததால் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தை ஏன் அழுகிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

கிளார்க் தலையைத் தூக்காமல் பிரமாச்சியைக் கூப்பிட்டார். "வாங்குறவங்க வாங்கம்மா. இதுல கை வைங்க."

"எதுக்கு சார்?"

"வீட்டுக்குத்தாம்மா. கை வைங்க."

பிரமாச்சி இரண்டு கையையும் இடுப்பில் செருகிக்கொண்டாள். வைக்க மாட்டேன் என்றாள். கிளார்க் அப்போதுதான் தலையைத் தூக்கினார்.

"கை வெச்சாத்தாம்மா வீடு."

"கை வெச்சா வீடு போச்சு சார்."

பின்னால் நின்ற மூன்று பேரும் மேஜையை நெருங்கினார்கள். விரலுக்குப் பதில் மூக்கு வைத்தால் ஆகாதா, நல்ல நீள மூக்கு இருக்கிறது என்றான் ஆவுடையப்பன். சங்குமுத்து வைத்தே காட்டினான். பெட்டி சிவப்பாக எரிந்தது. கண்ணை மூடிச் சுற்றிவிட்டு, மைனியின் கை தற்செயலாகப் பெட்டியில் படுகிற மாதிரி விட்டுப் பார்க்கலாம் என்றான் கொம்பையா. கண்ணைத் திறந்து கேமராவைப் பார்த்துக்கொண்டேதான் வைக்க வேண்டும், கண் மூடினால் போட்டோ ஏறாது என்றார் கிளார்க். கண்ணைத் திறந்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் அது வைத்ததாகிவிடும். கொம்பையாவுக்கே வழி தெரியவில்லை.

மணி ஐந்தாகப் போகிறது, இன்றைக்கு விட்டால் இனி என் பொறுப்பில்லை என்று கிளார்க் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே அந்த இன்னொருவர், கண்ணாடி வைக்கப் போகிறவர், தற்செயலாக வந்தது போல வராந்தாவில் உலாத்திக்கொண்டிருந்தார்.

பிரமாச்சி வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு காரியம் செய்தாள். அவரவர் வீட்டில் அவரவர் கை வைத்துக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள்? கேமராவைக் கண் சிமிட்டாமல் பார்த்தபடியே, பக்கத்தில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்த ஞானசெல்வம் அம்மாளின் சும்மா இருந்த கையைப் பிடித்து இழுத்து, கட்டைவிரலைப் பெட்டியில் அமுக்கினாள். பெட்டி பச்சையாக எரிந்தது. அம்மாள் அந்தப் பக்கம், வசம்பு சுட்டுத் தேய்த்தாயா என்று மகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கிளார்க் கம்ப்யூட்டரையே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஏம்மா, வித்த கையும் வாங்குன கையும் ஒண்ணுன்னு காட்டுது. அப்ப வீடு கை மாறவே இல்லையே."

வீட்டில் கை வைக்கவில்லை என்று சர்க்காரே சொல்லியாயிற்று. ஒரு மாதமாக அடைத்துக் கிடந்த மூச்சு பிரமாச்சிக்கு அப்போதுதான் வந்தது. பின்னால் அண்ணன் தம்பி மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள்.

"இப்ப சொன்னியல்லா சார்," என்றாள், "அதை ஒரு எழுத்து மாத்தாம எழுதி, சீல் போட்டுக் குடுத்திருங்க. எங்க அண்ணாச்சிகிட்ட நான் தப்பாச் சொல்லிரக் கூடாது."